டாக்டர் அம்மா பதில்கள்: "நான் ரிஸ்க் எடுக்க முடியாதும்மா"

சென்ற இதழில், சிசேரியன் கூடியதற்கு டாக்டர்களின் கோர்ட் பயமும் ஒரு காரணம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. கோபமாக எழுதியவர்களும் உண்டு, அழுதுகொண்டே எழுதியவர்களும் உண்டு. அதனால் தைராய்டு, நீர்க்கட்டிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இது மட்டும்.

எனக்கு வயது 26. போன ஆடியில் பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதல் குழந்தை பிறந்தது. காலையில் பனிக்குடம் உடைந்து போனேன். மாலை ஆறு மணிக்கு கர்ப்பப்பை வாய் 6 சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார்கள். குழந்தைத் துடிப்பு நன்றாக இருப்பதாக நர்ஸ் அக்காவே சொன்னார். ஆறரைக்கு டாக்டர் வந்து, "இன்னும் எவ்வளவு நேரமாகும்னு சொல்ல முடியாது. நான் ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்களே என்னைக் கோர்ட்டுல நிறுத்துவீங்க" என்று சொல்லி ஆபரேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார். மகன் நல்லபடியாகப் பிறந்தான். வீட்டுக்கு வரும்போது நர்ஸ் அக்கா என் அம்மாவிடம், "மேடம் பேர்ல ஏற்கெனவே ஒரு கேஸ் ஓடுது" என்று சொல்லியிருக்கிறார். யாரோ போட்ட கேஸுக்காக என் வயிற்றைக் கிழித்தார்களா?
— வாசகி, தேனி மாவட்டம்

உன் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல், அந்த ஆபரேஷன் தேவையில்லை என்று நான் சொல்லிவிடக் கூடாதும்மா. பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டால் கிருமி ஏறும் பயம் உண்டு. உனக்குக் காய்ச்சல் இருந்ததா, நீர் என்ன நிறத்தில் போனது, தலை எவ்வளவு இறங்கியிருந்தது என்பதெல்லாம் உன் கடிதத்தில் இல்லை. ஆனால் நீ எழுதியது மட்டும்தான் நடந்தது என்றால், 6 சென்டிமீட்டர் என்பது கைவிடுகிற இடமில்லை. பிரசவம் வேகம் பிடிக்கிற இடம் அது. நான் படித்த காலத்தில், மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்று கோடு போட்டு அளப்போம். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்ற ஒன்றுக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனமே எழுதிவிட்டது.

யாரோ போட்ட கேஸுக்காகவா என்று கேட்டிருக்கிறாய். இதற்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால் என் கதையைச் சொல்ல வேண்டும். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அரசு வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன ஊரில் பத்துப் படுக்கை வைத்து நர்சிங் ஹோம் நடத்திக்கொண்டிருந்தேன். மயக்க மருந்து டாக்டர் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். கூப்பிட்டால் கார் எடுத்து வருவார். ஒரு ஐப்பசி மாதம், முதல் பிரசவத்துக்கு ஒரு பெண் வந்தாள். வலி நன்றாக இருந்தது, ஆனால் மெதுவாகத்தான் திறந்தது. துடிப்பு சீராக இருந்ததால் காத்திருந்தேன். இரவு எட்டரைக்கு எல்லாம் திறந்து தலை இறங்கும் நேரத்தில் துடிப்பு விழுந்தது. தலையைப் பிடித்து இழுக்கும் உறிஞ்சு கருவியான வேக்குவம் வைத்து எடுத்தேன். குழந்தை அழவில்லை. ஆம்புலன்ஸில் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். பிழைத்தது, ஆனால் மூன்றாம் நாள் வலிப்பு வந்தது, பிறகு கழுத்து நிற்கவில்லை.

அந்தப் பெற்றோர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் கிடையாது. வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தாய் வராந்தா பெஞ்சில் குழந்தையை மடியில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்க்க மாட்டாள். ஆறு வருடம் இப்படி.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்டார்: "மாலை ஐந்து மணிக்கே ஆபரேஷன் செய்திருந்தால் இந்தக் குழந்தை நன்றாக இருந்திருக்கும், சரிதானே?" சரி என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஐந்து மணிக்கு ஆபரேஷனுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அன்று செய்திருந்தால் என்னை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்ததாக அவர் கேஸ் ஷீட்டைத் தூக்கிக் காட்டினார். ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரி. நான் அந்த மூன்று மணி நேரத்தில் நான்கு முறை போய்த் துடிப்புக் கேட்டேன். எழுதியது ஒரு முறை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் என் டெலிவரி ரெஜிஸ்டரில் சுகப்பிரசவத்தை நீல மையிலும் சிசேரியனைச் சிவப்பு மையிலும் எழுதும் பழக்கம் உண்டு. வழக்கு நடந்த வருடங்களின் பக்கங்களைப் பின்னால் ஒருநாள் புரட்டினேன். ஒரு பக்கத்தில் நீலத்தைவிடச் சிவப்பு அதிகமாக இருந்தது. அந்த ஊர்ப் பெண்களின் இடுப்பு அந்த வருடங்களில் சுருங்கிவிடவில்லை. என் கைதான் மாறியிருந்தது. அந்தி சாயும் முன்பே, மயக்க மருந்து டாக்டர் ஊருக்குள் இருக்கும்போதே, "இவளை ராத்திரிக்கு விடக் கூடாது" என்று மனசு முடிவு கட்டிவிடும். காரணம் பிறகு தேடிக்கொள்வேன்: தண்ணி குறைவு, தலை இறங்கல, துடிப்பில் சின்ன மாற்றம். பொய் எழுதியதில்லை. ஆனால் வழக்குக்கு முன்பு அதே காரணத்துக்கு நான் காத்திருந்திருப்பேன்.

ஆகவே உன் கேள்விக்கு, ஆமாம், அப்படி நடக்கும். நடக்கும்போது அந்த டாக்டருக்கே அது பயம் என்று தெரியாது. ஜாக்கிரதை என்றுதான் தோன்றும். உன் விஷயத்தில் அந்த டாக்டர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நான் என் பெண்களிடம் அதைக்கூடச் சொன்னதில்லை.

பயம் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. பணம் உண்டு, நல்ல நாள் நல்ல நேரம் பார்த்து வரும் குடும்பங்கள் உண்டு, வலி பொறுக்க முடியாமல் "வெட்டி எடுத்துருங்க டாக்டர்" என்று மகளுக்காகக் கெஞ்சும் அம்மாக்கள் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. அரசு மருத்துவமனையிலும் 36. அரசு டாக்டர் ஆபரேஷனுக்கு என்று நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. அங்கேயும் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகிறது என்றால், பணம் என்ற ஒரே பதில் போதாது. அங்கே டாக்டர் பயப்படுவது கோர்ட்டுக்கு அல்ல. ஒரு தாய் இறந்தால் கலெக்டர் முன்னால் நடக்கும் ஆடிட்டுக்கு, "ஏன் தாமதித்தாய்?" என்ற கேள்விக்கு. ஏன் அவசரப்பட்டாய் என்று எந்த ஆடிட்டிலும் என்னை யாரும் கேட்டதில்லை.

உனக்கு நடந்ததில் எனக்குத் தவறாகப் படுவது ஒன்றுண்டு. உன் டாக்டர் தன் பயத்தைச் சொன்ன அளவுக்கு உன் உடம்பின் நிலவரத்தைச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகலாம், இப்போதே எடுத்தால் அடுத்த பிரசவத்துக்கு என்ன ஆகும் என்று இரண்டையும் சொல்லி உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீயும் ஆபரேஷனுக்கே சம்மதித்திருக்கலாம். அப்போது இந்தக் கடிதம் எழுதும் வலி உனக்கு இருந்திருக்காது.

என் மனைவியின் பிரசவத்துக்கு முன் என்னிடம் ஐந்தாறு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பேப்பரில் "தாய்க்கோ குழந்தைக்கோ என்ன நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல, வழக்குத் தொடர மாட்டேன்" என்று என் கையாலேயே எழுதச் சொன்னார்கள். இனி எங்களுக்கு எந்த உரிமையும் இல்லையா?
— வாசகர், திருப்பூர்

உரிமை எங்கும் போய்விடவில்லை தம்பி. கவனக்குறைவுக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வாங்க யாராலும் முடியாது. அப்படி எழுதிய காகிதம் கோர்ட்டில் நிற்காது என்பது அதை வாங்குகிற டாக்டருக்கும் தெரியும். தெரிந்தும் வாங்குவது, பயந்தவன் தாயத்துக் கட்டிக்கொள்வது போலத்தான். நானும் ஒரு காலத்தில் வாங்கியிருக்கிறேன்.

சம்மதக் கடிதத்துக்கு என்று ஓர் உண்மையான வேலை இருக்கிறது. என்ன செய்யப் போகிறோம், ஏன், வேறு வழி என்ன, எதில் என்ன ஆபத்து என்று புரியும்படி சொல்லி, அதன்பிறகு வாங்குவதுதான் சம்மதம். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: கையெழுத்துப் போட்டது நீங்கள். வயிறு உங்கள் மனைவியுடையது. சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணிடம்தான் சம்மதம் வாங்க வேண்டும். கணவர் கையெழுத்து கூடுதல் சாட்சிதான். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. வலியில் கிடப்பவளைத் தாண்டி வராந்தாவில் நிற்கும் ஆண்களிடம் பேப்பரை நீட்டுகிறோம்.

கேஸ் ஷீட் நகல் வேண்டுமென்றால் எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட விதி. கேட்டால் வழக்குப் போடப்போகிறோம் என்று நினைப்பார்களே என்று தயங்க வேண்டாம். "அடுத்த பிரசவத்துக்கு வேண்டும்" என்று எழுதுங்கள். அது உண்மையும்கூட.

எங்கள் காலத்தில் எட்டுப் பிள்ளை வீட்டிலேயே பெற்றார்கள், ஒரு தையல் கிடையாது. இப்போது எல்லாம் பயமும் காசும்தானே?
— 71 வயது வாசகி, விருதுநகர் மாவட்டம்

அக்கா, எட்டுப் பெற்றவர்களைப் பார்த்தீர்கள். இரண்டாவதிலேயே போய்ச் சேர்ந்தவர்களை யார் கணக்கில் வைத்தார்கள்? என் சொந்தப் பெரியம்மா ஒருத்தி குழந்தை குறுக்கே கிடந்து மூன்று நாள் வலியில் செத்தவள். 2001-03-ல்கூடத் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. அந்த இறக்கத்தில் மாவட்டம்தோறும் வைத்த சீமாங் என்ற அவசரப் பிரசவ, பச்சிளம் குழந்தைச் சிகிச்சை மையங்களுக்கும், அங்கே நள்ளிரவில் நேரத்துக்குச் செய்த சிசேரியனுக்கும் பங்கு உண்டு. தேவையான சிசேரியன் சாமி மாதிரி. நான் அழுவது தேவையில்லாததற்கு மட்டும்.

முதுநிலை மகப்பேறு படிக்கிறேன். எங்கள் சீனியர் ஒருவர் சிசேரியனைப் பற்றி அடிக்கடி சொல்வது: "செக்‌ஷன் பண்ணினதுக்கு எவனும் கேஸ் போட மாட்டான், பண்ணாததுக்குத்தான் போடுவான்." கேட்கும்போது கசப்பாக இருக்கிறது. ஆனால் லேபர் வார்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வாக்கியம்தான் காதில் ஒலிக்கிறது. அவர் சொல்வது உண்மையா மேடம்?
— மருத்துவ மாணவி, மதுரை

பாதி உண்மை, மகளே. பாதி உண்மையாக இருப்பதால்தான் அது இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மருத்துவம் அதில் சேராது என்றே எங்கள் ஆட்கள் நம்பினார்கள். இந்திய மருத்துவச் சங்கமே உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 1995 நவம்பரில் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பு வந்தது: காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் சேவைதான், சட்டத்துக்குள் வரும். எனக்கு அந்த வாரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. நோயாளிக்கு ஒரு கதவு திறந்தது நியாயம்தான் என்று இன்று சொல்வேன். அன்று சொல்லவில்லை.

அந்தக் கதவு வழியாக வரும் வழக்கின் வடிவத்தைப் பார். குழந்தைக்கு மூளை முடக்குவாதம். பெற்றோர் கண்ணெதிரே நிற்கும் நஷ்டம். அதற்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு நேரம் வேண்டும். "ஆறு மணிக்கே எடுத்திருந்தால்" என்பது எல்லோருக்கும் புரிகிற வாக்கியம். மறுபக்கம், தேவையில்லாமல் கீறப்பட்டவளுக்கு நஷ்டம் எப்போது தெரியும்? நான்கு வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு டாக்டர் கையில். அவளுடைய அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி அமர்ந்தால், அது பழைய தழும்பில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 11. இரண்டு சிசேரியன் முடிந்தவளுக்கு 40. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையையே எடுத்துப் பிழைக்க வைக்கிறார்கள், சிலர் பிழைப்பதில்லை. அந்தக் கேஸ் ஷீட்டில் முதல் சிசேரியன் செய்த டாக்டர் பெயர் எங்கும் இருக்காது. முதல் ஆபரேஷன் எதற்குச் செய்தார்கள் என்று எந்த வக்கீலும் கேட்பதில்லை. நமக்கு வரும் பயம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. அதனால் தராசு எப்போதும் கத்தி இருக்கும் பக்கமே சாய்கிறது.

இனி, உங்கள் சீனியர் சொல்லாமல் விட்ட பாதி.

வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தைத் துடிப்பைக் கோடாக எடுக்கும் சி.டி.ஜி. பேப்பர் நம்மைக் காப்பாற்றும் சாட்சி என்று நினைக்கிறோம். அந்த எந்திரம் எதற்காக வந்தது? மூளை முடக்குவாதத்தைத் தடுக்க. இத்தனை வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நேரத்துக்கு நேரம் காது வைத்துக் கேட்பதைவிடத் தொடர்ந்து பெல்ட் கட்டியதால் பச்சிளம் குழந்தைக்கு வரும் வலிப்பு குறைந்தது. மூளை முடக்குவாதமும் குறையவில்லை, குழந்தை மரணமும் குறையவில்லை. சிசேரியன் மட்டும் கூடியது. 1996-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் கடுமையாகச் சொன்னது: சரியான எடையுள்ள குழந்தைகளில், பேப்பர் "ஆபத்து" என்று காட்டியவற்றில் ஆயிரத்துக்கு இரண்டுக்குத்தான் பிறகு மூளை முடக்குவாதம் வந்தது. மீதி 998 தாய்மாரை அந்தக் கோடு வீணாகப் பயமுறுத்தியிருக்கிறது. மூளை முடக்குவாதத்தில் பெரும்பங்கு பிரசவ வலி தொடங்குமுன்பே விதை போட்டது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வராந்தாக் குழந்தைக்கு என்ன நடந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

சட்டம் நம்மிடம் கேட்பதும் நாம் பயப்படுவதும் ஒன்றல்ல. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று உங்கள் பேட்ச்சில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? முடிவு கெட்டுவிட்டது என்பதாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தகுதியுள்ள இன்னொரு டாக்டரும் அந்த நிலைமையில் அப்படிச் செய்திருப்பார் என்றால் அது கவனக்குறைவு அல்ல. கிரிமினல் வழக்கு என்றால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும். போலீஸ் முதலில் வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் கைது கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106-ம் பிரிவும் அலட்சியத்தால் மரணம் என்பதற்கு மற்றவர்களுக்கு ஐந்து வருடம் வரை வைத்த தண்டனையைப் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு வருடம் வரை என்று வைத்திருக்கிறது.

தண்டித்த தீர்ப்புகளையும் படி. 1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை பார்வை இழந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.80 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எதற்காக? குறைமாதக் குழந்தையின் விழித்திரையைக் குறித்த நேரத்தில் சோதிக்கவில்லை, சோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவில்லை. கத்தி எடுத்ததோ எடுக்காததோ அங்கே பிரச்சினையே இல்லை. பார்க்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதையெல்லாம் படித்தாலும் ராத்திரி ரெண்டு மணி பயம் போகாது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பயம் தீர்ப்பைப் பற்றியது அல்ல. ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள், கண்ணாடியை உடைப்பார்கள், போனில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புவார்கள் என்பதைப் பற்றியது. 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தார். போலீஸ் டாக்டர் மேல் கொலை வழக்கே பதிந்தது. உச்ச நீதிமன்றம் சொன்ன எந்தப் பாதுகாப்பும் அந்த ஸ்டேஷன் வாசல்வரை வந்து சேரவில்லை. மறுநாள் அந்தப் பெண் டாக்டர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வாரம் நாடு முழுக்க எத்தனை லேபர் வார்டுகளில் எத்தனை கைகள் சீக்கிரம் கத்தியைத் தேடியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நம் மாநிலத்தில் மருத்துவமனையைத் தாக்குவோருக்கு எதிராக 2008-லேயே சட்டம் இருக்கிறது. அதைப் போலீஸ் ஒழுங்காக எடுத்தால், கோர்ட் பயத்தில் நடக்கும் சிசேரியன்கள் கொஞ்சமாவது குறையும் என்பது என் நம்பிக்கை.

உனக்கு என்று நான் சொல்வது பெரிதாக ஒன்றுமில்லை. எழுது. அரை மணிக்கு ஒருமுறை துடிப்புக் கேட்டால் அரை மணிக்கு ஒருமுறை எழுது, நேரத்தோடு எழுது. காத்திருக்கிறாய் என்றால் ஏன் காத்திருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. "தாயிடமும் அவர் அம்மாவிடமும் சொன்னேன், காத்திருக்கச் சம்மதித்தார்கள்" என்று எழுது. எழுதும் முன் நிஜமாகவே சொல். வெளியே இருப்பவர்களிடம் ஒரு மணிக்கு ஒரு தடவை வந்து இரண்டு வார்த்தை பேசு, பயிற்சி டாக்டரை அனுப்பாதே. எனக்கு எதிராக வழக்குப் போட்ட அந்தப் பெண்ணின் தகப்பனார் முதல் நாள் சாட்சியில் சொன்னது இதுதான்: "அஞ்சு மணிலேர்ந்து எட்டரை வரைக்கும் எங்ககிட்ட யாரும் ஒண்ணுமே சொல்லலீங்க ஐயா." அது உண்மை. உள்ளே நான் அவர் மகளோடுதான் இருந்தேன். வெளியே அவர் தனியாக இருந்தார்.

முதல் குழந்தை சிசேரியன். மகளுக்கு வரும் தையில் மூன்று வயது முடிகிறது. இப்போது நான்கு மாதம். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்ய ஆசை. மூன்று மருத்துவமனையில் கேட்டுவிட்டேன். "ஒருமுறை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்தான், தையல் பிரிஞ்சா யார் கோர்ட்டுக்குப் போறது" என்கிறார்கள். என் ஆசை தப்பா?
— வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

தப்பில்லை அம்மா. கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்ட ஒரே ஒரு வெட்டு இருப்பவர்களில், முயற்சி செய்தால் நான்கில் மூன்று பேர் அளவுக்குச் சுகமாகப் பெற்றுவிடுகிறார்கள். பழைய தையல் பிரியும் ஆபத்து இருநூறில் ஒருவருக்கு. சின்ன எண்தான், ஆனால் அந்த ஒருவருக்கு நேர்ந்தால் நிமிடக் கணக்கில் வயிற்றைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தை கைக்கு வராது. அதனால் உன்னை மறுத்த மூன்று மருத்துவமனையையும் நான் திட்ட மாட்டேன். இரவில் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் கையில் இல்லாத இடம் "என்னால் முடியாது" என்று சொல்வது நேர்மை. "யாராலும் முடியாது" என்று சொன்னதுதான் தவறு.

24 மணி நேரமும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்துக்குப் போ. உங்கள் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. இப்போதே, நான்காம் மாதத்திலேயே போய்ப் பதிவு செய்துகொள். ஒன்பதாம் மாதம் போய் நின்றால் யாருக்குமே உன்னைத் தெரியாது, தெரியாத நோயாளியிடம்தான் டாக்டருக்குப் பயம் அதிகம். முதல் முறை ஏன் ஆபரேஷன் செய்தார்கள் என்பதைப் பொறுத்து அவர்கள் முடிவு செய்வார்கள். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்திருந்ததா? அப்படியானால் இந்த முறை வாய்ப்பு நல்லது. தலை இறங்காமல் நின்றதா? வாய்ப்புக் கொஞ்சம் குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. நடுவில் எந்த நேரத்திலும் டாக்டர் "போதும், எடுத்துவிடலாம்" என்றால் சம்மதிக்க மனசைத் தயார் செய்துகொள். அதை முதல் நாளே அவரிடம் வாயால் சொல்லிவிடு. அந்த ஒரு வார்த்தை கேட்டால் காத்திருக்க அவருக்கும் தெம்பு வரும்.

எல்லாவற்றுக்கும் முதலில், உன் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடு. கர்ப்பப்பையில் வெட்டு குறுக்காகவா நெடுக்காகவா என்பதை வெளித் தழும்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். அது கையில் இல்லையென்றால், முதல் பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கு இந்த வாரமே எழுதிக் கொடு. உள்நோயாளிப் பதிவுகளை அவர்கள் 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. உன் மகளுக்கு வரும் தையில் மூன்று முடிகிறது என்கிறாய்.